கையும் அவன் தந்ததே

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மலையில் விளைவதும் ஏலம். மலையிலிருந்து இறங்கி வந்து ஸ்பைசஸ் போர்டு மையத்தில் விலை கூறப்படுவதும் ஏலம். வங்கிப் பணியின் 34 ஆண்டுகளில் பெரும்பகுதியை இவ்வூரிலும் இதன் சுற்று வட்டாரத்திலும் கழித்த எனக்கு இரண்டு ஏலமும் நல்ல பழக்கம். ஓய்வு பெற்ற பின்னர் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. அதுதான் ஏலக்காய் மாலை.

என் தாயார் இம்மாலையைக் கோப்பதில் தேர்ந்தவர். சிறுவயதில் அவர் அருகில் அமர்ந்து காய் பொறுக்கிக் கொடுத்ததுண்டு. பணிக்காலத்தில் அதற்கு நேரம் வாய்க்கவில்லை. ஓய்வு பெற்ற மறு மாதம், அவர் விட்டுச் சென்ற தகர டப்பாவைத் திறந்தேன். நான்கு ஊசிகளும் ஒரு பட்டு நூற்கண்டும் அப்படியே இருந்தன. அன்று தொடங்கியது இத்தொண்டு.

கல்விக்கு அதிபதியாகிய ஸ்ரீ ஹயக்ரீவப் பெருமாளுக்கு ஏலக்காய் மாலை சாற்றுவது விசேஷம் என்பதை அன்பர்கள் அறிவார்கள். கடலூருக்கு அருகே திருவஹீந்திரபுரத்தில், ஔஷதகிரி என்னும் சிறு குன்றின்மேல் அப்பெருமான் எழுந்தருளியிருக்கிறார். சுவாமி வேதாந்த தேசிகன் அவரை உபாசித்து அருள்பெற்ற தலம் அது. செங்கல்பட்டுக்கு அருகேயுள்ள செட்டிபுண்ணியத்திலும் தேர்வுக் காலத்தில் மாணவர் கூட்டம் அலைமோதும். அங்கெல்லாம் செல்ல இயலாத எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பெற்றோர், வீட்டில் உள்ள ஹயக்ரீவர் படத்துக்குச் சாற்ற என்னிடம் மாலை கேட்பார்கள். காய் அவர்களுடையது, கைவேலை என்னுடையது. கூலி வாங்குவதில்லை.

108 காய்களின் கணக்கு

ஒரு மாலைக்கு 108 காய்கள். பார்வைக்கு எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் காய்கள் யாவும் ஒரே பருமனாக இருத்தல் வேண்டும். சல்லடையில் எட்டு மில்லி மீட்டருக்கு மேல் நிற்கும் காய்களை வாங்கி, அவற்றிலும் நிறம் மங்காததை மட்டும் பொறுக்குவேன். காய்ந்த காயில் அப்படியே ஊசியைச் செலுத்தினால் தோல் வெடித்துவிடும். ஈரத்துணியில் சிறிது நேரம் சுற்றி வைத்தால் தோல் இளகும். பின்னர் இடக்கையின் இரு விரல்களால் காயை இறுகப் பற்றி, வலக்கைப் பெருவிரலால் ஊசியை நடுவில் அழுத்த வேண்டும். 108 முறை அழுத்தம். 108 முறை இழுப்பு.

எவ்வளவு மாலை கோத்தேன் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தேன். வங்கிக்காரனின் பழக்கம் எளிதில் விடுமா? தேதி, யாருக்காக, எந்தப் பிள்ளையின் தேர்வுக்காக என்று மூன்று பத்திகள் கொண்ட பேரேடு அது. சென்ற ஆண்டு தை மாதம் அக்கணக்கு 212-ஐ எட்டியிருந்தது. பங்குனியில் தொடங்கவிருந்த அரசுப் பொதுத் தேர்வுக்காக மேலும் 11 வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் வலி வந்தது. பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக, முதலில் ஒரு சுருக்கென்ற உணர்வு. பிறகு சாவியைத் திருப்பினால் வலி. ஈர வேட்டியைப் பிழிந்தால் வலி. டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தால் வலி. தைலம் தடவினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ஆனால் மாலை கோப்பதை நிறுத்தவில்லை.

வலக்கை தளர்ந்தபோது இடக்கையால் கோக்கப் பழகினேன். பத்து நாளில் இடது மணிக்கட்டும் முணுமுணுக்கத் தொடங்கியது. இதில் நான் முதல் ஆள் அல்லன் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி என்பவர், தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார். நாள் முழுவதும் கணக்கெழுதும் எழுத்தர்களுக்கு வரும் கைவலியையும் அந்நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் விவரித்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தருக்கு வலக்கை வலுவிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் இடக்கைக்கும் அதே நோய் வந்ததாம். கையை மாற்றுவது வேறு, கைக்கு ஓய்வு கொடுப்பது வேறு. 300 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்த இப்பாடத்தை நான் என் இரு கைகளையும் நோகவைத்துக் கற்றுக்கொண்டேன்.

"கதையை முழுசாப் படிங்க"

வலியைப் பொறுத்துக்கொண்டு கோப்பதற்கு நான் ஒரு நியாயமும் வைத்திருந்தேன். அதுவும் நம் பெரியபுராணத்திலிருந்து எடுத்த நியாயம்.

மதுரையில் வணிகர் குலத்தில் தோன்றியவர் மூர்த்தி நாயனார். நாள்தோறும் சொக்கநாதப் பெருமானுக்குச் சந்தனம் அரைத்துக் கொடுப்பதே அவர் தொண்டு. மதுரையைக் கைப்பற்றிய வேற்று நாட்டு மன்னன் ஒருவன், அவருக்குச் சந்தனக் கட்டை எங்குமே கிடைக்காதபடி தடுத்தான். ஒருநாள் ஊரெல்லாம் தேடியும் கட்டை கிடைக்கவில்லை. "கட்டைக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன, அரைக்கும் கைக்குத் தட்டுப்பாடு இல்லையே" என்று கருதிய நாயனார், தம் முழங்கையையே சந்தனக் கல்லில் வைத்துத் தேய்த்தார். தோல் போயிற்று, எலும்பும் தேய்ந்தது.

"நாயனார் எலும்பையே தேய்த்தார். எனக்கு வந்திருப்பது வெறும் விரல் வலி. இதற்குப் போய் நிறுத்துவதா?" என்று என் மனைவியிடம் ஒருநாள் கேட்டேன். அவர் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்: "ஏங்க, பாதிக் கதையிலயே நிக்கிறீங்களே. முழுசாப் படிங்க."

அன்றிரவு மீண்டும் படித்தேன். நான் நினைவில் வைத்திருந்தது முன்பாதி மட்டுமே. பின்பாதியில் என்ன நடக்கிறது? அன்றிரவே இறைவனின் அசரீரி எழுகிறது. அன்பின் மிகுதியால் இச்செயலைச் செய்ய வேண்டாம் என்று தடுக்கிறது. நாயனார் அஞ்சிக் கையைக் கல்லிலிருந்து எடுக்கிறார். எடுத்ததும் கை பழையபடி ஆகிறது. கொடுமை செய்த மன்னன் அன்றிரவே மாய்ந்துவிட, அமைச்சர்கள் கண்ணைக் கட்டி அனுப்பிய பட்டத்து யானை நாயனாரையே தன் முதுகில் ஏற்றிக்கொள்கிறது. திருநீறே அபிஷேகமாகவும், உருத்திராக்கமே அணிகலனாகவும், சடையே முடியாகவும் கொண்டு அவர் நாடாண்டார் என்று முடிகிறது சேக்கிழார் பெருமான் சொல்லும் வரலாறு.

நாயனார் கையைத் தேய்த்தது அன்பின் எல்லை. ஆனால் அந்தக் கையைத் தேயவிடாமல் நிறுத்தியது யார்? இறைவன் அல்லவா? எலும்பைக் கேட்டுப் பெற்றுக்கொண்டவராக அவர் அங்கே நிற்கவில்லை. போதும் என்று தடுத்தவராக நிற்கிறார். நாயனாரும் "இல்லை, நான் தேய்த்தே தீருவேன்" என்று பிடிவாதம் செய்யவில்லை. சொன்னவுடன் கையை எடுத்தார். தொண்டில் முனைவது ஒரு பக்தி என்றால், நிறுத்தச் சொன்னபோது நிறுத்துவதும் பக்தியே. என் பெருவிரலில் எழுந்த வலியும் ஒருவகை அசரீரிதானோ என்று அன்றிரவு எனக்குத் தோன்றிற்று. மறுநாள் காலை மருத்துவரிடம் சென்றேன்.

மருத்துவர் சொன்னது

எலும்பு மூட்டு மருத்துவர் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மூடச் செய்து, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சற்றே சாய்த்தார். வலி உச்சந்தலைக்கு ஏறியது. நோயின் பெயரைச் சொன்னார். சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வைன் 1895-இல் இதை விவரித்தமையால் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெருவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் புகுந்து செல்கின்றன. ஒரே அசைவைப் பலமுறை திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்த உறை தடித்துவிடுகிறது. குறுகிய உறைக்குள் தசைநாண் உரசும்போது வலி எடுக்கிறது. துணி துவைத்துப் பிழிவோருக்கும், கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இது வருமாம். பேரக்குழந்தையைத் தூக்கும் பாட்டிமாரும் கவனிக்க வேண்டும்.

"வங்கியில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். தொடக்கத்தில் காசாளராக இருந்தேன் என்றேன். எண்ணும் இயந்திரம் வராத காலம் அது. ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு, நூறு தாள் கொண்ட கட்டுகளை நாள் முழுவதும் எண்ணிய பெருவிரல் இது. அவர் சிரித்தார். "அப்படியானால் இந்த விரலுக்கு இதுதான் முதல் விடுமுறை" என்றார்.

பெருவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் தாங்கும் பட்டை ஒன்றை ஆறு வாரம் அணிய வேண்டும், ஊசி நூலைத் தொடவே கூடாது, குறையாவிட்டால் மருந்தூசி, அதற்கும் அடங்காவிட்டால் மட்டுமே சிறு அறுவை சிகிச்சை. இதுவே தீர்ப்பு.

ஆறு வாரம்! விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். தேர்வு தொடங்கிய பிறகுதான் பட்டை கழலும். வாக்குக் கொடுத்த 11 வீட்டுக்கும் என்ன பதில் சொல்வது?

கிடங்கிலிருந்து வந்த பதில்

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் இருக்கிறார். ஏலக்காய்க் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை. மலையில் காய் குறைந்த காலத்தில் கிடங்கு; காய் எடுக்கும் காலத்தில் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வளைவுகளைக் கடந்து தோட்டத்துக்குச் செல்வார். ஏலச் செடியில் காய்க்கும் சரம் தண்டின் அடியில், தரையை ஒட்டியே படர்ந்திருக்கும். குனிந்தும் குந்தியும், முற்றிய காயை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். பறித்த இடத்துக்கே ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் வர வேண்டும். கிடங்கிலோ நாள் முழுவதும் குவியலின் முன் அமர்ந்து, காம்பு நீக்கி, நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். நான் 108 காய்க்குக் கை நோகிறவன். அவர் விரல் வழியே ஒரு நாளில் எத்தனை ஆயிரம் காய் போகும் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவர் மகள் அவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவிருந்தாள். நான் வாக்குக் கொடுத்த 11 வீட்டில் அதுவும் ஒன்று. பட்டை கட்டிய கையுடன் சென்று, மாலை கோத்துத் தர இயலவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் என் கையை ஒருமுறை பார்த்தார். தம் வலக்கையை நீட்டினார். அதே இடத்தில் அவருக்கும் வீக்கம்.

"மேனேஜரய்யா, எங்களுக்கும்தான் வலிக்குது. கை வலிக்குதுன்னு ஒருநா உக்காந்தா அன்னைக்குக் கூலி இல்ல. வேற வழி இல்லாமப் போறோம். ஒங்களுக்கு உக்கார முடியுது. உக்காருங்க. சாமி என்ன, கூலியப் புடிச்சுக்கிறவரா?"

எனக்குப் பேச நா எழவில்லை. ஓய்வெடுக்க முடியாமல் ஒருவர் வலியோடு வேலைக்குச் செல்கிறார். ஓய்வெடுக்க எல்லா வசதியும் இருந்தும் நானோ அதைப் பாவம்போல் எண்ணிக் குமைந்துகொண்டிருந்தேன். இறைவன் எனக்குத் தந்திருந்த பெரும் வரம் அந்த ஓய்வே என்பது அவர் வாயால் வந்தது.

வங்கிப் பணியில் நானே பலருக்குச் சொல்லிய பாடமும் அப்போது நினைவுக்கு வந்தது. ஏலக்கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். தோட்டக் கடன் கொடுக்கும்போது அக்காலத்துக்கு அசல் தவணை கேட்பதில்லை. "இன்னும் ஒன்றும் கட்டவில்லையே சார்" என்று கூச்சத்தோடு வரும் விவசாயியிடம், "இது பாக்கி அல்ல, அவகாசம். செடியைக் கவனியுங்கள், போதும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். செடிக்கு வங்கி கொடுக்கும் அவகாசத்தைக் கைக்கு இறைவன் கொடுக்க மாட்டானா?

213-ஆவது மாலை

மறுநாள் மாலை அந்தப் பெண் பிள்ளையே எங்கள் வீட்டுக்கு வந்தாள். "தாத்தா, நீங்க சொல்லிக் கொடுங்க. நானே கோக்கறேன்" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருவரையும் அந்தத் தகர டப்பாவைத் தொட விட்டதில்லை. தாயாரின் ஊசி என்று காரணம் சொல்வேன். ஆனால் "சார் கோத்த மாலை மாதிரி வராது" என்று ஊரார் சொல்லும் சொல்லே என் காதுக்கு வேண்டியிருந்தது. பெருமாளுக்கென்று கோத்த மாலையில் என் பெருமையும் ஒரு நூலாக ஓடியிருந்தது. கை சும்மா இருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

அவள் கோத்தாள். முதல் காயே வெடித்தது. ஏழாவது காய் கோணலாக நின்றது. பிடுங்கித் திருத்த வேண்டும் என்று என் விரல் துடித்தது, பட்டை தடுத்தது. வாயால் மட்டும் சொன்னேன். ஊசியை நடுவில் வை. அழுத்தாதே, திருகு. பத்துக் காய்க்கு ஒருமுறை கையை உதறி விடு. இந்தக் கடைசி அறிவுரையை நான் எனக்கே ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. படிப்புக்கு இடையே, நாளுக்கு அரைமணி நேரமாக நான்கு மாலைப் பொழுதுகளில் 108 முடிந்தது. கோணலும் மாணலுமாக இருந்த அந்த மாலையை அவள் கையாலேயே ஹயக்ரீவர் படத்துக்குச் சாற்றினாள். அவள் கண்ணில் தெரிந்த நிறைவை, நான் கொடுத்த 212 மாலைகளில் எதை வாங்கிய பிள்ளையின் கண்ணிலும் நான் கண்டதில்லை.

மற்றப் பத்து வீட்டுக்கும் அதையே சொன்னேன். ஆறு வீட்டுப் பிள்ளைகள் வந்து கற்றுக்கொண்டார்கள். மீதி நான்கு வீட்டார் துளசி சாற்றி வேண்டிக்கொண்டார்கள்.

அந்த ஆறு வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரை நினைத்துக்கொண்டேன். கல்லால் கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே செங்கல்லும் சுண்ணமும் சேர்த்துக் கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர் அவர். காஞ்சியில் கற்கோயில் எடுத்த மன்னனிடம், நாளை பூசலாரின் கோயிலில் புகுகிறோம், உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்று இறைவன் கனவில் சொன்னதை நாம் அறிவோம். விடியற்காலையில் கண்மூடி அமர்ந்து, 108 காயையும் மனத்திலேயே ஒவ்வொன்றாகக் கோத்தேன். முதல் வாரம் முப்பதைத் தாண்டுமுன் மனம் எங்கோ ஓடிவிடும். கையால் கோத்த காலத்திலும் மனம் இப்படித்தானே ஓடியிருக்கும் என்று அப்போது புரிந்தது. கை வேலை செய்ததால் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவே.

மூத்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பூத்தொடுப்பவர், கோலமிடுபவர், விளக்குத் திரி திரிப்பவர், ராமநாமம் எழுதுபவர் என்று நம்மில் பலர் கையால் தொண்டு செய்கிறவர்கள். வலி வந்தால் மறைக்க வேண்டாம். ஓய்ந்தும் ஒரு வாரத்தில் குறையாத வலி, விரல்களில் மரத்துப்போதல், பொருள் நழுவி விழுதல் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்துப்போவது வேறு நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் விழுங்க வேண்டாம். இரத்த அழுத்தமும் சிறுநீரகக் குறையும் உள்ளவர்களுக்கு அது தீங்கு. மருந்தூசி போட நேர்ந்தால், சர்க்கரை நோய் உள்ளதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; சில நாட்களுக்குச் சர்க்கரை அளவு ஏறக்கூடும். மீண்டும் தொடங்கும்போது பாதி அளவில் தொடங்குங்கள்.

எனக்கு ஆறு வாரம் எட்டு வாரமாயிற்று. இப்போது நாளுக்கு 27 காய் மட்டும் கோக்கிறேன். நான்கு நாளில் ஒரு மாலை. தெருக்கோடி அம்மாளுக்கும் வேலையில்லாத ஒரு வாரத்தில் மருத்துவரிடம் காட்ட நேரம் கிடைத்தது. இரவில் அவரும் பட்டை கட்டிக்கொண்டு உறங்குகிறார். பகலில் கை தேய்ந்தே ஆக வேண்டிய நிலை அவருக்கு இன்னும் மாறவில்லை. ஒவ்வொரு மாலையிலும் முதல் காயைக் கோக்கும்போது அந்தக் கையை நினைத்து வேண்டிக்கொள்கிறேன்.

ஆடிக் கார்த்திகை, மூர்த்தி நாயனாரின் குருபூஜை நாள். மதுரைக்குச் செல்லும் அன்பர்கள் மீனாட்சியம்மன் கோயிலில் சுவாமி பிராகாரத்து அறுபத்து மூவர் வரிசையில் அவரைத் தரிசிக்கலாம். சந்தனம் அரைத்த கையை மட்டுமன்று, இறைவன் சொன்னதும் கல்லிலிருந்து எடுத்த கையையும் நினைத்து வணங்குங்கள்.

என் பேரேட்டில் 212-க்குப் பிறகு ஒரு வரி வேறு கையெழுத்தில் இருக்கிறது. எண் 213. தேதி, பெயர், பத்தாம் வகுப்பு என்று அந்தப் பிள்ளையே எழுதியது. அதற்குக் கீழே நான் கையொப்பம் மட்டும் இட்டிருக்கிறேன். பட்டை கட்டிய கையால் இட்டதாதலால் சற்றே கோணல்.